முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் படிக்கிணறுகளைப் பார்க்கச் செல்லலாமா?

தெம்பனிஸ் வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான், என் கணவர், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், எழுபது வயதை எட்டும் என் அம்மா ஆகிய நால்வரும் சிங்கப்பூரிலிருந்து ஒன்பது நாள் இந்தியப் பயணம் மேற்கொள்ள இருக்கிறோம். வழக்கமாக நாங்கள் இந்தியாவுக்குப் போனால் கோயில், உறவினர் வீடு, புடவைக்கடை என்று நாள்கள் ஓடிவிடும். இம்முறை படிக்கிணறுகளைப் பார்ப்பதற்கென்றே போகவேண்டும் என்று மகள் கேட்டுக்கொண்டாள். 2018இல் வெளிவந்த ஊதா நிற நூறு ரூபாய்த் தாள் ஒன்று அம்மாவின் பணப்பையில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் இருக்கும் கட்டடம் எது என்று அவள் கேட்டதில்தான் இந்த ஆர்வம் தொடங்கியது. அது குஜராத்தின் பாட்டன் நகரில் உள்ள ராணி கி வாவ் என்ற படிக்கிணறு என்று தேடி அறிந்தோம். அதன்பிறகு அவள் படம் படமாகப் பார்த்து ஒரு நீண்ட பட்டியலே போட்டுவிட்டாள்.

இப்போதைய திட்டப்படி நாங்கள் அகமதாபாத்தில் இறங்கி அடாலஜ், பாட்டன் ஆகிய இரண்டையும் பார்த்துவிட்டு, ஜெய்ப்பூருக்குப் பறந்து ஆபாநேரியில் உள்ள சாந்த் பாவ்ரி என்ற படிக்கிணற்றுக்கும், அங்கிருந்து பூந்திக்கும் சென்று, கடைசியாக டெல்லியில் அக்ரசேன் பாவ்லியைக் கண்டு திரும்புவோம். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதானால் மூன்று மாடி ஏறுவதற்கே நடுவில் இருமுறை நின்று மூச்சு வாங்குவார். இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம் என்பதுகூட அவர் விஷயத்தில் பொருந்தாது. இறங்கும்போதுதான் வலி அதிகம் என்கிறார். அப்படிப்பட்டவரை இந்த இடங்களுக்கு அழைத்துச் செல்வது சரியா என்பது என் முதல் கவலை. சாந்த் பாவ்ரியில் இப்போது படிகளில் இறங்க விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். மேலே நின்று பார்ப்பதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது தகுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மகள் கேட்ட ஒரு கேள்விக்கும் எனக்கு விடை தெரியவில்லை. "கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கினால் தண்ணீர் வந்துவிடுமே, அதற்காக ஏன் நிலத்துக்கு அடியில் ஏழு மாடி கட்டவேண்டும்?" என்றாள். அம்மா சிறு வயதில் இங்கே கம்பத்து (கிராமத்து) வீட்டில் கிணற்றுநீர் இறைத்து வளர்ந்தவர், 1963ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பங்கீட்டில் வரிசையில் நின்றவர். அவரும் யோசித்துவிட்டு, "எங்கள் கிணற்றில் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர் இருந்தது, அதனால் எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


புக்கிட் பாத்தோக் வாசகர்:

வணக்கம். நான் முப்பதாண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரில் ஆழக் குழி தோண்டும் கட்டுமானப் பணிகளில், பெரும்பாலும் பெருவிரைவு ரயில் நிலையங்களுக்கான குழிகளில், பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். படிக்கிணறுகளை நான் தேடிப் போனதும் அந்தக் கண்ணோடுதான். ஆகவே உங்கள் மகளின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பயணத்தை எப்படி அமைப்பது என்பதற்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் அம்மா சொன்னதைச் சரியான பதிலின் முதல் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் ஆண்டின் மழையில் பெரும்பகுதி சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மழைக்காலம் முடிந்தவுடன் உயர்ந்து நிற்கும் நீர்மட்டம் கோடையில் பல மீட்டர் கீழே போய்விடும். அந்தக் கடைசி மட்டத்துக்கும் கீழே தோண்டினால்தான் ஆண்டு முழுவதும் தண்ணீர் உண்டு. நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் ஒருவர் குடத்தோடு நடந்துபோய் அதைத் தொடவேண்டும் என்றால் படிதான் வழி. கயிறும் அங்கே இல்லாமல் இல்லை. குஜராத்தில் வாவ் எனப்படும் படிக்கிணறுகளில் படிக்கட்டு முடியும் இடத்தில் வட்டக் கிணறு ஒன்று தனியாக இருப்பதைக் காண்பீர்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து மாடு கட்டித் தோல்பையில் நீர் இறைத்தார்கள். நம் ஊரில் கவலை இறைத்ததைப் போன்றதுதான். ஆனால் கயிறு ஒரு நேரத்தில் ஒரு பாத்திரத்தைத்தான் தூக்கும். ஒரு வணிகக் கூட்டம் வந்து தங்கினால் நூறு பேர் ஒரே சமயத்தில் குடிக்கவும், முகம் கழுவவும், வெயில் தாழும்வரை நிழலில் அமரவும் படிகளும் மண்டபங்களும் வேண்டும். ஒரு வாவின் அடித்தளத்தில் நிற்கும்போது மேலேயுள்ள அனல் உடம்பிலிருந்து விலகுவதை நீங்களே உணர்வீர்கள்.

இரண்டாவது பகுதியைச் சொல்வதற்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். 27 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக மண்ணை வெட்டினால் இரண்டு பக்கச் சுவர்களும் உள்ளே சாயத்தான் பார்க்கும். மண்ணின் அழுத்தம் ஆழம் கூடக் கூட அதிகரிக்கும். மழை பெய்து சுவருக்குப் பின்னால் நீர் தேங்கினால் அதன் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் இங்கே அதற்காக இரு சுவர்களுக்கும் இடையே குறுக்கே எஃகு உத்தரங்களை அடுக்கடுக்காக முட்டுக்கொடுப்போம். அந்த முட்டு தோற்றால் என்ன ஆகும் என்பதை 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே ரயில்பாதைக்கான ஆழக்குழி சரிந்து நால்வர் உயிரிழந்தபோது இந்த நாடே கண்டது. அந்தத் துறையில் வேலை செய்த எவரும் அந்த நாளை மறக்கமாட்டார். இனி ராணி கி வாவின் படத்தை எடுத்துப் பாருங்கள். படிக்கட்டின் குறுக்கே இடைவெளி விட்டு விட்டுத் தூண்மண்டபங்கள் அடுக்கி நிற்கின்றன அல்லவா? பார்ப்பவர்கள் அவற்றை அழகுக்காகவும் நிழலுக்காகவும் கட்டியதாக எண்ணுவார்கள். அவை இரு பக்கச் சுவர்களையும் விலக்கிப் பிடித்து நிற்கும் முட்டுகள். ஆழம் கூடும் இடத்தில் மண்டபத்தின் அடுக்குகளும் கூடுகின்றன, நாங்கள் உத்தரங்களை அடுக்கியதைப் போலவே. பதினோராம் நூற்றாண்டில், எஃகும் கணினியும் இல்லாமல், கல் தூணையும் கல் விட்டத்தையும் வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். நான் அங்கே முதன்முறை நின்றபோது சிற்பத்தை அரைமணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். அதுவரை விட்டங்கள் சுவரில் போய் அமரும் இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே சிக்கலுக்கு இன்னொரு தீர்வும் உண்டு. சுவரைச் செங்குத்தாக எழுப்பாமல் சரிவாக, படிப்படியாக உள்நோக்கிக் குறுகும்படி வெட்டிவிட்டால் முட்டே தேவையில்லை. சாந்த் பாவ்ரி அப்படிப்பட்டது. 13 அடுக்குகளில் சுமார் 3,500 படிகள் மூன்று பக்கமும் தலைகீழ்க் கோபுரம்போல் இறங்குகின்றன. நான்காவது பக்கத்தில் மட்டும் மண்டபங்கள் செங்குத்தாக நிற்கின்றன. இறங்க அனுமதி இல்லை என்பது உண்மையே. ஆனாலும் அதன் வடிவம் மேலிருந்து பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரியும் என்பதால், அந்தத் தடையை நான் பெரிய இழப்பாகக் கருதவில்லை. இரண்டு தீர்வுகளையும் ஒரே பயணத்தில் காண முடிந்தால் உங்கள் மகளுக்கு அது நல்ல பாடம். பூந்தியையும் டெல்லியையும் நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. பூந்தியின் ராணிஜி கி பாவ்ரி 1699இல் கட்டப்பட்டது, 46 மீட்டர் ஆழம், மிகச் சிறந்ததும்கூட. ஆனால் ஒன்பது நாளில் நான்கு நகரங்கள் என்பது அம்மாவின் முழங்காலுக்கு மட்டுமன்றி உங்கள் கண்களுக்கும் அதிகம்.


ஈசூன் வாசகி:

சகோதரி, நான் மூன்றாண்டுகளுக்கு முன் என் மாமியாரை அழைத்துக்கொண்டு குஜராத்துக்குச் சென்று வந்தேன். அவருக்கும் முழங்கால் வலிதான். அழைத்துச் செல்லுங்கள் என்றே சொல்வேன். ஆனால் நாங்கள் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

நாங்கள் அமர்த்திய வாகன ஏற்பாட்டாளர் ஒரே நாளில் நான்கு இடங்களைக் காட்டுவதாகச் சொன்னார். நாங்களும் பேராசையில் ஒப்புக்கொண்டோம். அகமதாபாத்திலிருந்து பாட்டன் சுமார் 130 கிலோமீட்டர். வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தி, சாப்பிட்டு, ஒரு துணிக்கடையிலும் இறக்கிவிட்டு, ராணி கி வாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது வாயில் மூடுவதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்தப் படிக்கிணறு கிழக்கு நோக்கியது. காலை வெயில் படிக்கட்டு வழியாக உள்ளே இறங்கிச் சுவர்ச்சிற்பங்களின்மேல் விழும். மாலையில் எல்லாம் நிழலில் மூழ்கிவிடும். நாங்கள் பார்த்தது நிழலை. காவலர் விசில் ஊதியபோது மாமியார் இரண்டாவது தளத்தில்தான் இருந்தார். அவரை அவசரமாக மேலேற்றிய அந்தப் பத்து நிமிடங்களில் அவர் முகத்தில் தெரிந்த வலி இன்றுவரை என் மனத்தில் இருக்கிறது. மறுநாள் நான் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவரை ஓய்வெடுக்கச் சொல்லி, விடியுமுன் புறப்பட்டுத் தனியாக மறுபடி பாட்டனுக்குப் போனேன். அன்று பார்த்ததுதான் எனக்குப் பயணம்.

வராகர், வாமனர், குதிரைமேல் கல்கி என்று திருமாலின் அவதாரங்கள் வரிசையாக நிற்க, அவர்களுக்கு இடையே பெண்கள் கண்ணாடி பார்க்கிறார்கள், காலில் தைத்த முள்ளை எடுக்கிறார்கள், ஈரக் கூந்தலைப் பிழிகிறார்கள். கூந்தலிலிருந்து சொட்டும் நீரை ஒரு பறவை அண்ணாந்து குடிக்கிறது. தண்ணீர் எடுக்க வந்த இடத்தில் அந்தச் சிற்பத்தை வைத்தவரின் மனத்தை எண்ணிப் பாருங்கள். ஆழத்தில், கிணற்றுச் சுவரிலேயே, பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். இதைக் கட்டுவித்தவர் உதயமதி என்ற அரசி. கணவர் முதலாம் பீமதேவரின் நினைவாக எழுப்பியது. சரசுவதி ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டல் பல நூற்றாண்டுகள் இதை மூடியிருந்தது. 1980களில்தான் இந்தியத் தொல்லியல் துறையினர் முழுவதுமாக அகழ்ந்தெடுத்தார்கள். மண்ணுக்குள் கிடந்ததால்தான் மூக்கும் விரலும் உடையாமல் பிழைத்தன. 2014இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பாட்டனில் முதல் சில படிகள் அகலமானவை. அவசரப்படுத்தாமல் விட்டால் அவரால் முதல் மண்டபம்வரை இறங்கிவர முடியும் என்றே நினைக்கிறேன். அங்கே அமர்ந்தபடியே இருபுறச் சுவர்களிலும் பாதிச் சிற்பங்களைப் பார்த்துவிடலாம். கிணற்றை ஒட்டிய கடைசித் தளங்கள் எல்லாருக்கும் அடைக்கப்பட்டவைதான் என்பதால், அவர் எதையோ இழந்துவிட்டதாக வருந்தவேண்டியதில்லை. அடாலஜ் இன்னும் வசதி. அங்கே மூன்று திசைகளிலிருந்து வரும் படிக்கட்டுகள் முதல் தளத்தில் ஒரு சதுர முற்றத்தில் கூடுகின்றன. மேலே எண்கோணத் திறப்பு வானத்தைக் காட்டும். ஒரே ஒரு படிக்கட்டு இறங்கினால் அந்த முற்றத்தில் உட்காரலாம். எல்லா இடத்திலும் கைப்பிடிக் கம்பியை எதிர்பார்க்காதீர்கள். மடக்கு நாற்காலியும் ஊன்றுகோலும் இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி எல்லாருக்கும் கட்டாயம். தேய்ந்த கல் வழவழப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் அடாலஜுக்குப் போகவேண்டாம், கூட்டத்தில் படி தெரியாது. நகருக்குள்ளேயே அசார்வா பகுதியில் தாதா ஹரிர் வாவ் இருக்கிறது. அடாலஜின் காலத்தைச் சேர்ந்தது. சமஸ்கிருதத்திலும் அரபியிலும் கல்வெட்டுகள் உண்டு. பயணிகள் மிகக் குறைவு. நான் அங்கே ஒரு முழு முற்பகலைக் கழித்தேன்.

எனக்கு மனத்தில் தங்கிய ஒன்றைச் சொல்கிறேன். உதயமதி, 1499இல் அடாலஜைக் கட்டி முடித்த ரூடாபாய், அசார்வாவின் பாய் ஹரிர், மேலே ஐயா குறிப்பிட்ட பூந்தியின் அரசி ஆகிய அனைவரும் பெண்கள். நாள்தோறும் தலையில் குடத்தோடு அந்தப் படிகளில் இறங்கி ஏறியவர்களும் பெண்கள்தாம். உங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் சேர்ந்து போகிறீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஐயாவின் கருத்தோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். சாந்த் பாவ்ரிக்காக ஜெய்ப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர் வாகனத்தில் போய், கம்பிவேலிக்கு வெளியே இருபது நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புவது முதியவருக்கு ஏற்ற நாளாக எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டு நாள்களைப் பாட்டனுக்கும் அசார்வாவுக்கும் கொடுங்கள். கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல்: தொல்லியல் துறையின் இடங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியருக்குரிய கட்டணமே, ஆகவே அட்டையைக் கையில் வைத்திருங்கள்.


உட்லண்ட்ஸ் வாசகர்:

இந்த இழையை ஆர்வத்தோடு படித்தேன். எல்லாரும் வடக்கையே சொல்கிறீர்கள். நம்மவர்கள் பலருக்குத் தமிழ்நாட்டிலும் படிக்கிணறு இருப்பது தெரியவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். திருச்சிக்கு இங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது. நம்மில் பாதிப்பேர் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே இறங்குகிறோம். இறங்கி, திருவரங்கத்தைச் சேவித்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறோம். திருச்சியிலிருந்து துறையூர்ச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலின் மதிலுக்கு வெளியே ஒரு கிணறு இருக்கிறது. அதன் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. பல்லவ மன்னன் தந்திவர்மனின் காலத்தில், அதாவது ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், ஆலம்பாக்கத்து விசையநல்லுழானின் தம்பியான கம்பன் அரையன் என்பவர் எடுப்பித்தது. ராணி கி வாவுக்கு இரண்டரை நூற்றாண்டு மூத்தது.

நான்கு திசைகளிலிருந்தும் படிக்கட்டுகள் வருகின்றன. ஒவ்வொன்றும் நேராக இறங்காமல், பாதியில் செங்கோணமாகத் திரும்பி நீருக்குப் போகிறது. மேலிருந்து பார்த்தால் சுவத்திக வடிவம். ஒரு படிக்கட்டில் இறங்கி நிற்பவர் அடுத்த படிக்கட்டில் இருப்பவரைப் பார்க்க முடியாது. ஊரார் இதை மாமியார் மருமகள் குளம் என்பார்கள். ஒரு துறையில் மாமியார் குளித்தால் மறுதுறையில் மருமகள் அவர் கண்ணில் படாமல் குளிக்கலாமாம். நான் கடைசியாகப் போனபோது வடக்குப் படிக்கட்டின் திருப்பத்தில் நின்று கைத்தட்டிப் பார்த்தேன். ஆள் தெரியவில்லை, ஒலி மட்டும் நான்கு பக்கமும் சுற்றி வந்தது. நுழைவுக் கல்லின்மேல் விரலை வைத்தால் எழுத்தின் பள்ளம் தட்டுப்படும். அங்கே ஒரு செய்யுள் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த உலகத்தின்மேல் ஆசை வைத்து நின்றுவிடாதீர்கள், மூப்பு வந்து உங்களைத் தளர்த்துவதற்கு முன்பாக, உண்டது போக மிஞ்சியதை உலகம் அறிய வையுங்கள் என்பது அதன் கருத்து. கிணறு வெட்டியவர் கிணற்றின்மேலேயே இதைச் சொல்லி வைத்திருக்கிறார். தமிழ் படிக்கத் தெரிந்த உங்கள் மகளுக்கு இந்தப் பேறு பாட்டனில் கிடைக்காது.

சொல்லின் உறவையும் அவளுக்குச் சொல்லுங்கள். குஜராத்தியின் வாவும் நம் வாவியும் வாபி என்ற ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. மட்டக்களப்பு வாவி என்று ஈழத்தவர் சொல்வதும் அதுதான். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் நடவாவி என்றே ஒரு கிணறு இருக்கிறது. படி வழியே நிலத்துக்கு அடியில் இறங்கினால் நீர் சூழ்ந்த மண்டபம் வரும். ஆண்டு முழுவதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் அந்த மண்டபத்திலிருந்து சித்திரா பௌர்ணமிக்காக நீரை இறைத்துவிடுவார்கள். காஞ்சி வரதராசப் பெருமாள் எழுந்தருள்வார். டிசம்பரில் அதைக் காண முடியாது. நாள் கிடைத்தால் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிங்கமுகக் கிணற்றையும் பாருங்கள். சிங்கத்தின் உடலுக்குள் நுழைந்து நீருக்கு இறங்குவதுபோல் கட்டியிருப்பார்கள்.

எச்சரிக்கையாக ஒன்று. பராமரிப்பில்லாத பழைய கிணறுகளின் மேல்மூடியிலோ ஓரப்பலகையிலோ ஏறி நிற்காதீர்கள். 2023 மார்ச் 30 அன்று இந்தூரில் ஒரு கோயிலுக்குள் பழைய படிக்கிணற்றை மூடிப் போட்டிருந்த தளம், இராமநவமிக் கூட்டத்தின் பாரம் தாங்காமல் இடிந்து 36 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் காலுக்குக் கீழே கிணறு இருப்பதே தெரிந்திருக்காது. நீரில் கால் நனைப்பதையும் குடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். நரம்புச் சிலந்தி என்ற புழுநோய், மக்கள் இறங்கி நிற்கும் நீரையே குடிப்பதால் பரவியது. படிக்கிணறுகளை மூடவும் மாற்றிக் கட்டவும் அது ஒரு முக்கியக் காரணம். 1996இல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி பதிவானார். 2000இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்த ஆபத்து இன்று இல்லை. இருந்தாலும் தேங்கிய நீர் தேங்கிய நீர்தான்.


தெம்பனிஸ் வாசகி:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. எல்லாவற்றையும் இரவு உணவுக்குப் பிறகு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முட்டுக்கொடுக்கும் மண்டபங்களைப் பற்றிய பகுதி வந்தபோது மகள் எழுந்து போய் நூறு ரூபாய்த் தாளை எடுத்துவந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத் தூண் வரிசையை எண்ணத் தொடங்கிவிட்டாள். அம்மா திருவெள்ளறையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தந்தை பிறந்த ஊர் துறையூர்ப் பக்கம்தானாம். இதை இத்தனை ஆண்டுகளில் எனக்கு அவர் சொன்னதே இல்லை. கப்பலேறி வந்த பிறகு தாத்தா ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை என்றும், பெருங்கிணறு என்று ஏதோ சொல்லிக் கேட்டதாக நினைவு என்றும் சொன்னார்.

ஆகவே திட்டத்தை மாற்றிவிட்டோம். அகமதாபாத்தில் நான்கு இரவுகள். அதில் பாட்டனுக்கு ஒரு முழு நாள், முந்தைய இரவே அங்கு போய்த் தங்குவோம். பிறகு சென்னை வழியாகத் திருச்சிக்கு வந்து, எஞ்சிய நாள்களை அங்கே கழித்துவிட்டுத் திருச்சியிலிருந்தே திரும்புவோம். ராஜஸ்தான் இன்னொரு முறைக்கு இருக்கட்டும். சரிவான வகைக் கிணற்றை மகள் காண முடியாமல் போவது மட்டும் எனக்குக் குறையாக இருக்கிறது.


புக்கிட் பாத்தோக் வாசகர்:

அந்தக் குறை வேண்டாம். பாட்டனிலிருந்து திரும்பும் வழியில், சுமார் 35 கிலோமீட்டரில், மோதேரா சூரியன் கோயில் இருக்கிறது. 1026-27ஐச் சேர்ந்தது, ராணி கி வாவ் யாருடைய நினைவாக எழுப்பப்பட்டதோ அதே பீமதேவரின் ஆட்சிக்காலம். கோயிலுக்கு முன்னுள்ள சூரிய குண்டம் முட்டுக்கொடுக்காத, சரிவாகப் படிப்படியாக இறங்கும் வகைதான். 50 மீட்டருக்கு மேல் நீளம். படிகளுக்கிடையே 108 சிறு கோயில்கள். சாந்த் பாவ்ரியின் ஆழம் அதற்கு இல்லை. ஆனால் மண் ஏன் சரியவில்லை என்பதை உங்கள் மகள் அங்கே நின்றே புரிந்துகொள்வாள். உங்கள் அம்மா ஒரு படிகூட இறங்காமல் கரையில் அமர்ந்து முழுவதையும் காணலாம். கணவரை இழந்த அரசி பாட்டனில் கட்டியதையும், அந்தக் கணவர் காலத்தில் மோதேராவில் கட்டியதையும் ஒரே நாளில் பார்ப்பீர்கள். காலையில் பாட்டன், பிற்பகலில் மோதேரா என்ற வரிசையை மாற்றவேண்டாம்.

மகளிடம் ஓர் அளவுநாடாவைக் கொடுத்தனுப்புங்கள். பாட்டனில் இறங்கத் தொடங்கும் இடத்திலும், முதல் மண்டபத்துக்கு அருகிலும், திருவெள்ளறையில் படி திரும்பும் இடத்திலும் ஒரு படியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளட்டும். குடம் சுமந்தவரின் காலுக்கு எந்தப் படி வசதியாக இருந்திருக்கும் என்று நான் பாட்டனில் அளந்து எழுதிய பழைய குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. திருவெள்ளறை அளவு என்னிடம் இல்லை. அவள் இங்கே பதிவிட்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறேன்.